தேர்வுத்தாளோடு முடிந்துவிடாத பாடம்

தொடக்கக் கல்லூரியில் உயிரியலை எச்2 பாடமாகப் படிக்கும் மாணவர்களுக்கு, ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுவைப் பற்றிய கேள்விகள் புதியவை அல்ல. கருவில் உள்ள குருத்தணுவுக்கும் ரத்தக் குருத்தணுவுக்கும் என்ன வேறுபாடு? மனிதக் கருவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவது சரியா? இத்தகைய கேள்விகளுக்கு விடை எழுதி, மதிப்பெண் வாங்கிக்கொண்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

ஆனால் எந்தத் தேர்விலும் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்தணுக்கள் முன்பின் தெரியாத ஒருவரின் உயிரைக் காக்கும் என்றால், அவற்றைக் கொடுக்க முன்வருவீர்களா?

குருத்தணுவைச் சுற்றியுள்ள அறக்கேள்விகளில் நம் இளையர்களுக்கு மிக நெருக்கமானது இதுதான் என்பது என் கருத்து. கருவைப் பற்றிய விவாதத்தை அறிஞர்களும் சட்டம் இயற்றுவோரும் நடத்துகிறார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் ஒவ்வொருவரும் தாமே விடை சொல்ல வேண்டும். உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லும் விடையைவிடப் புரிந்துகொண்டு சொல்லும் விடையே நிலைக்கும். ஆகவே அறிவியலிலிருந்து தொடங்குவோம்.

ஒரே புத்தகம், வேறு வேறு பக்கங்கள்

நாம் ஒவ்வொருவரும் கருவுற்ற ஒரே முட்டையாகத்தான் தொடங்கினோம். வளர்ந்த மனித உடலில் 30 டிரில்லியனுக்கும் அதிகமான உயிரணுக்கள் உள்ளன. அவற்றில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து கால்வரை செல்லும் நரம்பணுவின் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருக்கும். ஒரு சிவப்பணுவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆக்சிஜனைச் சுமக்க அதிக இடம் வேண்டும் என்பதற்காகவே அது தன் உட்கருவையும் வெளியேற்றிவிடுகிறது.

வடிவமும் வேலையும் இவ்வளவு மாறுபட்டாலும், உட்கரு உள்ள ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான். புரதங்களை உருவாக்கும் ஏறக்குறைய 20,000 மரபணுக்கள் நரம்பணுவிலும் உண்டு, கல்லீரல் அணுவிலும் உண்டு. எவை திறந்திருக்கின்றன, எவை மூடியிருக்கின்றன என்பதுதான் வேறுபாடு.

உணவங்காடி நிலையம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்குள்ள எல்லாக் கடைகளிலும் ஒரே தடித்த சமையல் புத்தகம் இருக்கிறது. பரோட்டா கடைக்காரர் பரோட்டா பக்கத்தை மட்டும் திறந்து வைத்திருக்கிறார். கோழிச்சோற்றுக் கடைக்காரர் வேறொரு பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார். மற்ற பக்கங்களை யாரும் கிழித்து எறியவில்லை. அவை மூடியிருக்கின்றன, அவ்வளவுதான். ஹீமோகுளோபினை உருவாக்கும் பக்கம் உங்கள் மூளை அணுவிலும் இருக்கிறது. அங்கு அது திறக்கப்படுவதில்லை.

பக்கங்களைத் திறப்பவை, மூடுபவை எவை? மரபணுக்களை இயக்கும் சில புரதங்கள், அண்டை உயிரணுக்கள் அனுப்பும் சைகைகள், டிஎன்ஏ மீது பதியும் வேதிக் குறிகள் ஆகியவை சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. உயிரணு இரண்டாகப் பிரியும்போது அந்தக் குறிகளும் உடன் செல்கின்றன. அதனால்தான் கல்லீரல் அணு பிரிந்தால் கல்லீரல் அணுவே உருவாகிறது.

உயிரணு தன் பணியைத் தேர்ந்துகொள்ளும் இந்தப் பயணத்தை, மலையுச்சியிலிருந்து உருளும் பந்துக்கு ஒப்பிட்டார் பிரிட்டிஷ் அறிவியலாளர் கான்ராட் வாடிங்டன். ஒரு பள்ளத்தாக்கில் இறங்கிய பந்து மறுபடியும் மேலேறி வேறொரு பள்ளத்தாக்குக்குப் போவதில்லை. உயர்நிலை மூன்றில் பாடத்தொகுப்பைத் தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு இந்த உணர்வு நன்றாகவே புரியும்!

ஆனால் மேலேறுவது முடியாத காரியமன்று என்பதை 1962ல் ஜான் கர்டன் காட்டினார். தவளைக் குஞ்சின் குடலணுவிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கப்பட்ட முட்டைக்குள் அவர் வைத்தார். அதிலிருந்து முழுத் தவளைக் குஞ்சு வளர்ந்தது. 2006ல் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா, நான்கே மரபணுக்களைச் செலுத்தி எலியின் தோல் திசு அணுக்களைக் கருநிலைக் குருத்தணுபோல மாற்றினார். அடுத்த ஆண்டில் மனித அணுக்களிலும் அது சாத்தியமானது. இருவருக்கும் 2012ல் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது. பள்ளி நாளில் கர்டன் உயிரியலில் கடைசி இடத்தில் இருந்தவர் என்பதையும், அறிவியல் உனக்குச் சரிவராது என்னும் பொருளில் ஆசிரியர் அவருக்கு அறிக்கை எழுதினார் என்பதையும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

குருத்தணு என்பது என்ன?

இன்னும் ஒரே பணிக்குள் முடங்கிவிடாத உயிரணுவே குருத்தணு. அதற்கு இரண்டு இயல்புகள் உண்டு. தன்னைப் போன்ற இன்னொரு குருத்தணுவை உருவாக்கும். தனிப்பணி செய்யும் அணுவாகவும் மாறும். கருவின் தொடக்க நாள்களில் உள்ள குருத்தணு உடலின் எந்த அணுவாகவும் மாறக்கூடியது. பிறந்த பிறகு உடலில் எஞ்சியிருக்கும் குருத்தணுக்களின் எல்லை குறுகியது. தோலில் உள்ளவை தோலைப் புதுப்பிக்கும், குடலில் உள்ளவை குடலின் உட்சுவரைப் புதுப்பிக்கும்.

இந்த வரலாற்றில் சிங்கப்பூருக்கும் இடமுண்டு. இலங்கையில் பிறந்த பேராசிரியர் ஆரிஃப் போங்சோவின் குழு, 1994ல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தது. அவற்றைத் தொடர்ந்து வளர்த்துப் பெருக்கும் வழியை 1998ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன் கண்டார்.

ஆனால் இன்று உலகெங்கும் நோயாளிகளை அன்றாடம் காப்பாற்றிக்கொண்டிருப்பது கருவின் குருத்தணு அல்ல, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ரத்தக் குருத்தணு. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்களே வாழும். அந்த இழப்பை ஈடுகட்ட நம் மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் அதே மூலத்திலிருந்துதான் வருகின்றன. இத்தகைய குருத்தணுக்கள் இருப்பதை 1961ல் கனடாவின் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மக்கல்லோ இருவரும் எலிகளில் நிரூபித்தனர். அதற்கு முன்பே, 1956ல், அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் ஒரே மாதிரியான இரட்டையரில் ஒருவரின் மஜ்ஜையை மற்றவருக்குச் செலுத்தியிருந்தார். 1990ல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ரத்தப் புற்றுநோய், தலசீமியா, மஜ்ஜை செயலிழக்கும் நோய், பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத நிலை எனப் பல நோய்களுக்கு இந்தச் சிகிச்சை வாழ்வளிக்கிறது. சிலருக்கு அதுவே கடைசி வழி.

விளம்பரமும் உண்மையும்

குருத்தணு என்ற சொல்லுக்கு இன்று சந்தையில் நல்ல விலை. இளமை திரும்பும், முழங்கால் வலி பறந்துபோகும், நீரிழிவு குணமாகும் என்றெல்லாம் சமூக ஊடகங்களில் விளம்பரங்கள் வருகின்றன. எல்லாக் குருத்தணுவும் எல்லாமாக மாறிவிடும் என்ற தவறான எண்ணமே அவற்றின் முதலீடு. கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த அணுக்களைக் கண்ணுக்குள் செலுத்திவிட்டால் அவை தாமாகவே விழித்திரை ஆகிவிடா. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அத்தகைய ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பெரும்பாலும் இழந்ததை 2017ல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது.

உண்மையான முன்னேற்றம் மெதுவாகத்தான் நடக்கிறது. தீக்காயமுற்றவர்களுக்கு அவர்களது தோலணுக்களையே வளர்த்துப் பொருத்தும் முறை 1980களிலிருந்து உள்ளது. விழிவெண்படலம் வெந்துபோனவர்களுக்கான குருத்தணுச் சிகிச்சைக்கு 2015ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. யமனாக்காவின் முறையில் உருவாக்கிய விழித்திரை அணுக்களை ஜப்பானிய மருத்துவர்கள் 2014ல் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினர். நோயாளியின் சொந்த ரத்தக் குருத்தணுவிலேயே மரபணுவைத் திருத்தித் தலசீமியாவைக் குணப்படுத்தும் சிகிச்சைக்கு 2023ல் பிரிட்டன் அனுமதி வழங்கியது. இவை ஒவ்வொன்றிலும் எந்த அணு, எந்த நோய்க்கு, என்ன ஆதாரம் என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை உண்டு. வீட்டில் யாராவது ஒரு விளம்பரத்தைக் காட்டினால், உயிரியல் படித்த பிள்ளை இந்த மூன்றையும் கேட்டாலே போதும்.

பொருத்தம் கிடைப்பது ஏன் கடினம்?

சாதாரண ரத்த தானத்தில் ரத்தப் பிரிவு பொருந்தினால் பெரும்பாலும் போதும். குருத்தணு மாற்றில் அது போதாது. நம் உயிரணுக்களின் மேற்பரப்பில் எச்எல்ஏ எனப்படும் அடையாளப் புரதங்கள் உள்ளன. நோய் எதிர்ப்பு மண்டலம் தன்னையும் பிறரையும் பிரித்தறிவது இவற்றைக் கொண்டுதான். இவை பொருந்தாவிட்டால், புதிதாக உருவாகும் வெள்ளணுக்கள் நோயாளியின் உடலையே அந்நியமாகக் கருதித் தாக்கக்கூடும். ரத்தப் பிரிவு மாறுபட்டிருந்தாலும் சிகிச்சை செய்யலாம். பிறகு நோயாளியின் ரத்தப் பிரிவே கொடையாளரின் பிரிவாக மாறிவிடும். எச்எல்ஏ மாறுபட்டால்தான் சிக்கல்.

எச்எல்ஏ மரபணுக்களில் ஒரு பாதி தந்தையிடமிருந்தும் மறு பாதி தாயிடமிருந்தும் வருகின்றன. ஆகவே பெற்றோரிடம் பொதுவாகப் பாதிப் பொருத்தமே கிடைக்கும். உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. நம் தாத்தா பாட்டி காலத்தில் ஒரு வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். இன்றோ சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 2023ல் 0.97ஆகக் குறைந்துவிட்டது. ஒரே பிள்ளையாக வளர்பவருக்கு அந்த நான்கில் ஒரு வாய்ப்பும் இல்லை. அதாவது, ஒவ்வொரு தலைமுறையிலும் நாம் முன்பின் தெரியாதவரை நம்பியிருக்கும் நிலை கூடிக்கொண்டே போகிறது.

முன்பின் தெரியாதவர்களிடம் பொருத்தம் தேடுவதற்கான முதல் பதிவேடு 1974ல் லண்டனில் உருவானது. தம் மகன் ஆண்டனி நோலனுக்குக் கொடையாளர் தேடிய தாய் ஷர்லி நோலன் அதைத் தொடங்கினார். மகனுக்குப் பொருத்தம் கிடைக்கவில்லை; 1979ல் அவன் இறந்தான். அந்தப் பதிவேடு நிலைத்தது. இன்று உலகெங்கும் உள்ள பதிவேடுகளில் 4 கோடிக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள்.

அத்தனை பேர் இருந்தும் எல்லாருக்கும் சம வாய்ப்பு இல்லை. எச்எல்ஏ வகைகள் வம்சாவளியோடு சேர்ந்தே வருகின்றன. அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்து 2014ல் வெளியான ஆய்வின்படி, முழுப் பொருத்தமுள்ள கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு ஐரோப்பிய வம்சாவளியினருக்கு 75 விழுக்காடு. தெற்காசிய வம்சாவளியினருக்கு அது 33 விழுக்காடுதான். நோய் ஒன்றே, மருத்துவமனை ஒன்றே, மருந்தும் ஒன்றே. பதிவேட்டில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டுமே வேறுபாடு.

சிங்கப்பூரில் எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் திட்டம் 1993ஆம் ஆண்டு முதல் செயல்படுகிறது. இங்குள்ள குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர். நம்மில் எல்லாரையும் போல அதே விகிதத்தில் பதிவு செய்தாலும் எண்ணிக்கை சிறியதாகவே இருக்கும். அதற்குள்ளும் தமிழர், மலையாளி, பஞ்சாபி, சிந்தி எனப் பல வம்சாவளிகள் உண்டு. சென்னையில் 2009ல் தொடங்கப்பட்ட தாத்ரி பதிவேடு நமக்கு ஒரு வாசல். அதேபோல், இங்கு பதிவு செய்யும் ஒரு தமிழ் மாணவர் தஞ்சாவூரிலோ கிள்ளானிலோ உள்ள நோயாளிக்குப் பொருந்தக்கூடும். இதை இனப்பற்று என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. பதிவேட்டில் குறைவாக இருப்பவர்கள் கூடுதலாகச் சேர்ந்தால், எல்லாருக்கும் பொதுவான வலை பெரிதாகிறது.

அச்சங்களுக்கு நேர்மையான விடை

எலும்பு மஜ்ஜை என்றதும் முதுகுத்தண்டில் ஊசி குத்துவார்கள், நடக்க முடியாமல் போய்விடும் என்று அம்மாக்கள் பயப்படுவது இயல்பு. முதுகுத்தண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பதிவு செய்யும்போது கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுப்பார்கள், அவ்வளவுதான். பல ஆண்டுகள் ஆகியும் அழைப்பே வராமல் போகலாம். பொருத்தம் அமைந்தால் பெரும்பாலும் கையில் உள்ள ரத்தக்குழாய் வழியாகவே குருத்தணுக்களைச் சேகரிக்கிறார்கள். அதற்கு முன் நான்கைந்து நாள்கள் ஊசி போடுவார்கள். அந்த ஊசி குருத்தணுக்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரச் செய்கிறது. பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் இயந்திரத்துடன் இணைந்து அமர்ந்திருக்க வேண்டும். மற்றொரு முறையில், மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து மஜ்ஜையை எடுப்பார்கள். கொடுத்த அளவு சில வாரங்களில் மீண்டும் உருவாகிவிடும். குருத்தணுவின் இயல்பே அதுதானே!

வலியே இருக்காது என்று சொன்னால் அது பொய். ஊசி போடும் நாள்களில் எலும்பு வலியும் தலைவலியும் வரலாம். இடுப்பில் சில நாள்கள் வலி இருக்கலாம். மயக்க மருந்துக்கு உரிய சிறிய அபாயமும் உண்டு. இவற்றை மறைத்து ஆள் சேர்ப்பது முறையன்று. இவற்றைத் தெரிந்துகொண்ட பிறகும் முன்வருபவரே பயனுள்ள கொடையாளர்.

‘இப்போது பாதிப் பொருத்தத்தோடும் சிகிச்சை செய்கிறார்களே, தொப்புள்கொடி ரத்தமும் இருக்கிறதே, பதிவேடு எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. பெற்றோர் அல்லது பிள்ளையின் பாதிப் பொருத்தத்தைப் பயன்படுத்தும் முறை அண்மைய ஆண்டுகளில் வெகுவாக முன்னேறியுள்ளது. தொப்புள்கொடி ரத்தம் 1988 முதல் பயன்பாட்டில் உள்ளது. ஆனால் எல்லாக் குடும்பத்திலும் ஆரோக்கியமான உறவினர் இருப்பதில்லை. தொப்புள்கொடியில் கிடைக்கும் குருத்தணுக்களின் எண்ணிக்கையோ பெரியவர்களுக்குப் பல வேளைகளில் போதுவதில்லை. எது சிறந்தது என்பதை நோயாளிக்கேற்ப மருத்துவர் முடிவு செய்வார். அவர் முன் எத்தனை வழிகள் இருக்கும் என்பதில் நமக்கும் பங்குண்டு.

யோசித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்

இங்குதான் பலர் சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எல்லாரும் உடனே ஓடிப்போய்ப் பதிவு செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. தொண்டூழிய மணிநேரத்துக்காகவோ, நண்பர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்பதற்காகவோ பதிவு செய்ய வேண்டாம்.

காரணம் இதுதான். குருத்தணுவைச் செலுத்துவதற்கு முன், நோயாளியின் சொந்த மஜ்ஜையைக் கடுமையான மருந்துகளாலோ கதிர்வீச்சாலோ அழித்துவிடுவார்கள். அதன் பிறகு அவரது உடலால் ரத்தத்தை உருவாக்க முடியாது. அந்தக் கட்டத்தில் கொடையாளர் பின்வாங்கினால் நோயாளி உயிரிழக்க நேரிடலாம். கொடையாளருக்கு எந்த நேரத்திலும் மறுக்கும் உரிமை உண்டு. யாரும் வற்புறுத்த முடியாது. உரிமை இருப்பதால்தான் முன்கூட்டியே யோசிக்கும் கடமையும் இருக்கிறது. பதிவு செய்யாமல் இருப்பது குற்றமன்று. ஒருவருக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டு, அழைப்பு வந்ததும் தொலைபேசியை எடுக்காமல் இருப்பதைவிட, இப்போதே வேண்டாம் என்று சொல்வது மேல்.

சிங்கப்பூரில் 17 முதல் 49 வயது வரையிலான ஆரோக்கியமானவர்கள் பதிவு செய்யலாம். மலேசியாவிலும் தேசியப் பதிவேடு உள்ளது. முடிவெடுக்கும் முன் பெற்றோரிடம் பேசுங்கள். அழைப்பு வரும் நாளில், அவர்களது பயமே பெரும்பாலும் முதல் தடையாக நிற்கும். அந்தப் பேச்சை அன்றைக்கு ஒத்திப்போடாமல் இன்றே தொடங்குவது நல்லது. மஜ்ஜை வேறு, முதுகுத்தண்டு வேறு என்பதைத் தாத்தா பாட்டிக்கும் புரியும்படி தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் படித்த பாடம் உண்மையிலேயே புரிந்ததா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். குருத்தணுப் பாடத்தின் முடிவில் ஒரு வகுப்பையாவது இதற்கு ஒதுக்கலாம். கருவைப் பற்றி விவாதிக்கும் மாணவர்கள் கொடையாளரின் கடமையையும் விவாதிக்கட்டும். பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ள தமிழ் மன்றங்கள் பொங்கல், தீபாவளி நிகழ்ச்சிகளோடு ஆண்டுக்கொரு முறை விளக்கக் கூட்டம் நடத்தலாம். அன்றைக்கே பதிவு செய்யச் சொல்லாமல், விளக்கம் ஒரு நாளும் பதிவு மற்றொரு நாளுமாக வைத்தால், இடைப்பட்ட நாள்களில் மாணவர்கள் வீட்டில் பேச நேரம் கிடைக்கும். பெயர்களின் எண்ணிக்கை சற்றுக் குறையலாம். ஆனால் அழைப்பு வரும் நாளில் தொலைபேசியை எடுப்பவர்களின் எண்ணிக்கை கூடும். நோயாளிக்குத் தேவைப்படுவது அதுதான்.